ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். திருச்சிக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இலங்கையிலிருந்து கொண்டுவந்த தேயிலைத் தூள்கூடத் தீர்ந்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. சரி, ஆறாமலேயே எழுதிவிடுகிறேன்.

நான் போனது ஒரு காதுகுத்துக்கு. என் பெரியம்மா மகள் செல்லம்மா அக்கா இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். துறையூர்ப் பக்கமிருந்து தாத்தன் பாட்டன் காலத்தில் போன குடும்பம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது என் அம்மா கப்பலேறி இந்தியா வந்தாள். பெரியம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அக்காவின் பேத்திக்குக் காது குத்துகிறார்கள், நீ வராமல் எப்படி என்று போனில் அழுதாள். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்தின் பெயரையும் நான் சொல்லப்போகும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதமாட்டேன். ஒன்றின் பெயரை எழுதினால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

முதல் நாள், கொழும்பிலிருந்து ரயில். மலை ஏற ஏற வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். இறால் வைத்த வடையைப் பழைய பரீட்சைத் தாளில் சுற்றி விற்றுக்கொண்டு போனார்கள். ஒரு கடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தும் இன்னொன்று வாங்கினேன். ஹப்புத்தளை தாண்டியதும் ரயிலோரமாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள். தலையில் மாட்டிய கூடை, இடுப்பைச் சுற்றி படங்கு என்கிற தடித்த ரெட்டுத் துணி. காமிராவைப் பார்த்ததும் பழகிய சிரிப்பு சிரித்தார்கள். படத்தில் அந்தப் படங்குக்குக் கீழே கால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

பதுளை வரை போகவேண்டிய ரயில் தெமோதரையோடு நின்றுவிட்டது. மழையில் எங்கேயோ மண் சரிந்திருக்கிறதாம். எப்போது புறப்படும் என்று கேட்டால் ஸ்டேஷன்காரர் வானத்தைக் காட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நம் ஊர் டவுன் பஸ்ஸை மலையில் விட்டு, டிரைவருக்குப் பாட்டுப் பெட்டியும் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பஸ். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், நிற்கிற கிழவிக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தூங்குவதுபோல நடிப்பார்கள்.

பதுளையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும். கல்லாவில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டு, "நீங்க இந்தியாவா? தோட்டத்துக்காரங்க பேச்சு மாதிரியே இருக்கே?" என்றார். அவர்கள் பேச்சுதான் எங்கள் பேச்சு மாதிரி இருக்கிறது என்று திருத்தினேன். சிரித்துக்கொண்டே வட்டிலப்பம் ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்.

பஸ்ஸறை வழியாக ஆட்டோவில் மலை ஏறினேன். தோட்டத்து எல்லையில் ரோட்டோரமாகக் கண்ணாடி போட்ட புதுக் கட்டடம் ஒன்று. சுற்றுலாக்காரர்கள் நின்று, தேநீர் குடித்து, தூள் வாங்கிப் போகிற கடை. எனக்கு அவசரமாக வந்தது. கல்லாவில் இருந்த பெண் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். உள்ளே கண்ணாடி, வெள்ளைத் துண்டு, ஒரு குவளையில் பூ. எங்கள் ஆஸ்பத்திரி டீன் அறையில்கூட இப்படிக் கிடையாது. பரவாயில்லையே தோட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு குறுகலான வாசல் தாழ்வாரம், அதற்குப் பின் ஒரே அறை, அதன் பின்னால் அடுப்படி. அதில் அக்கா, மகள் தேவி, மருமகன் சிவகுமார், காது குத்தவேண்டிய குழந்தை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோதே மூச்சு இரைத்தது. கீழே பார்த்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"என்னக்கா இது?"

"வயசாகுதுல்ல. நீ மொதல்ல சாப்புடு."

கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்தாள். கூட சாயத்தண்ணி. பால் இல்லாத தேநீருக்கு அங்கே அதுதான் பேர். உலகத்துக்கே தேயிலை பறிக்கிறவள் வீட்டில் கழித்துப்போட்ட தூளில் போட்ட சாயம். குடித்தபடி விசாரித்தேன். இதயம் பலவீனம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நீர் மாத்திரை என்போம். கிளினிக்குக்குக் கிளினிக் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"ஒழுங்கா போடுறியா?" என்று கேட்டேன்.

சிவகுமார் அப்போது வாசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "போடுறேன்டி" என்றாள்.

அங்கே மாமியார் மருமகன் மரியாதை அப்படி. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன் தேய்ந்துபோனதை அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். மாப்பிள்ளை முன்னால் அக்கா நாற்காலியில் உட்காரமாட்டாள். நேராகப் பேசமாட்டாள். "தேவி, அவரச் சாப்புடச் சொல்லு" என்பாள், அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். அவரும் தங்கமான மனிதர். பண்டாரவளையில் கடை ஒன்றில் வேலை, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதனால் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவர், டாக்டரிடம் பேசுவதும் அவர்.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போகிறேன் என்று கூடையைத் தூக்கினாள். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைக் கூட்டம். கூடையைப் பிடுங்கி வைத்தேன். அந்த மூச்சோடு மலை ஏறுகிறாளாம். காதுகுத்தும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு, எல்லாம் அப்புறம் என்று ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஆட்டோ சூடாகி நின்றுவிட, டிரைவர் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றும்வரை ரோட்டோரத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்த உடனே வார்டில் சேர்த்துவிட்டார்கள். அந்தமட்டில் சந்தோஷம்.

வார்டு சுத்தமாக இருந்தது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளைவிடச் சுத்தம், இலவசம், யாரும் கையை நீட்டவில்லை. குறை சொல்ல வந்தவள் இதையும் சொல்லவேண்டும். ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. டாக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும். நர்சுகளுக்குச் சிங்களம். படுத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள். அந்த வார்டில் தமிழில் இருந்த ஒரே வாசகம் சுவரில் மாட்டிய பலகை. சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்தது.

காலையில் டாக்டர் சுற்றி வரும்போது மொழி தெரிந்த உறவுக்காரர் ஒருவர் வரலாம் என்பது அங்கே ஏற்பாடு. சிவகுமார்தான் போவார். எனக்குப் பார்வை நேரத்தில் மட்டும் அனுமதி. நானும் நர்ஸ், ஆங்கிலத்தில் பேசுவேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே ஆள்தான் என்று விட்டார்கள். சட்டம் சட்டம்தானே, எங்கள் வார்டிலும் அப்படித்தான் விரட்டுவோம்.

அடுத்தடுத்த நாட்களில் வீக்கம் மளமளவென்று வடிந்தது. மருந்து நன்றாகக் கேட்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். இவ்வளவு நன்றாகக் கேட்கிற மருந்து இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று உறைக்கவில்லை.

அப்படி ஒரு நாள் காலை வழக்கம்போல் டாக்டர் வந்து மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார். சிவகுமார் வார்டுக்குள் நுழைந்திருக்கிறார். மாப்பிள்ளை வருகிறார், நான் காலை நீட்டிப் படுத்திருப்பதா என்று அக்கா பதறிப்போய்ச் சட்டென்று கட்டிலை விட்டு இறங்கி நின்றிருக்கிறாள். நின்றவள் நின்ற வாக்கில் சரிந்துவிட்டாள். கட்டில் விளிம்பில் நெற்றி அடித்துப் பிளந்துகொண்டது. பிரஷரைப் பார்த்தால் அதலபாதாளத்தில் இருந்ததாம்.

பார்வை நேரத்தில் போய்ப் பார்த்தபோது நெற்றியில் தையல். நல்லவேளை, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள், ஆண் வாடை இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த மாத்திரய நான் போடுறதே இல்லடி. ஞாயித்துக்கெழம மட்டும் போடுவேன்."

"ஏன்க்கா?"

"காலைல போட்டா மலைல நிக்க முடியுமா? சும்மா சும்மா வருது. கொழுந்து மலைல கக்கூஸ் எங்க இருக்கு? எறங்கி லயத்துக்கு வந்துட்டுப் போனா கங்காணி கேப்பாரு. கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம். தேயிலைக்குள்ள ஒதுங்கலாம்னா அட்டை. மேல் நெரைல ஆம்பளைங்க செடிய கவ்வாத்து வெட்டுறாங்க."

"சாயங்காலம் போடலாமே?"

"ராவுல எழும்பணுமே. கக்கூஸ் லயத்துக்கு அந்தக் கடைசில. மாப்புள இஸ்தோப்புலதான படுத்திருக்காரு. அவரத் தாண்டிக்கிட்டா போறது? சீ!"

"டாக்டர் கேட்டப்போ சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரு வாயால சொல்ல? 'அத்த, ஒண்ணுக்கு எத்தன தடவ போறீங்கன்னு டொக்டர் கேக்குறாரு'ன்னு மாப்புள என்னையக் கேக்குறாரு. அவரும் தரையப் பாத்துக்கிட்டுத்தான் கேக்குறாரு, பாவம். நான் என்னத்தச் சொல்ல? எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிருவேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. போடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டிய அளவை வார்டில் வைத்து வேளை தவறாமல் விழுங்கவைத்திருக்கிறார்கள். நீரெல்லாம் வற்றிப் பிரஷர் இறங்கி, மரியாதைக்கு எழுந்து நின்றவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். இதே சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினால் மாத்திரையைப் போட்டாலும் சாவாள், போடாவிட்டாலும் சாவாள்.

டாக்டரைத் தேடிப் பிடித்தேன். இளைஞர், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆங்கிலத்தில் சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் கேட்டோம், போடுகிறேன் என்றுதான் சொன்னார். மருமகனே சாட்சி. தோட்டத்து ஆட்களோடு இதுதான் தொல்லை, எவ்வளவு சொன்னாலும் ஒத்துழைக்கமாட்டார்கள்" என்றார்.

"மருமகனை வைத்துக் கேட்டதுதான் தப்பு" என்றேன்.

"வேறு யாரை வைத்துக் கேட்பது? எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தருகிறார்களா?" என்றார் அவர். அவருக்கும் எரிச்சல். அதில் நியாயமும் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கொடுக்கவேண்டியவர்கள் யாரும் அந்த வார்டில் இல்லை. இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்தோம்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பாலம் கட்டவந்த ஒடிசாக்காரர்களிடம் எங்கள் வார்டில் கையை ஆட்டிக் காலை ஆட்டித்தான் வியாதி கேட்கிறார்கள். திருச்சித் துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு எங்களிடம் வருகிறார்கள். தண்ணீர் நிறையக் குடிம்மா என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். கடைக்கு யார் எழுதிக் கொடுப்பது?

அக்காவுக்கு அடுத்த கட்டிலில் ஹாஜரா என்று ஓர் அம்மாள். பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. சிங்களமும் தமிழும் சரளம். நாங்கள் பேசியதை முழுக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

"தங்கச்சி, மாப்புளய நாளைக்கு வெளிய நிக்கச் சொல்லுங்க. நான் பேசுறேன்" என்றார். "எனக்கு நெஞ்சுல ஒயர் ஒட்டிப் படம் எடுக்க ஆம்பளப் புள்ளய அனுப்பினாங்க. பொம்பள ஆள் வரட்டும்னு சொன்னேன். ஒரு நாள் பூரா கெடந்தேன். கடைசில வந்தா. எனக்குப் பாஷ தெரியும், சண்ட போட்டேன். இவங்க என்னா செய்வாங்க?"

மறுநாள் நான் காவலாளியிடம் ஒரு பாடு கத்தி, அந்த ஒரே ஆள் நான்தான் என்று உள்ளே போனேன். சிவகுமாரிடம் நீங்கள் வரவேண்டாம் என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஹாஜரா அம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, டாக்டரை நிறுத்தினார். அக்கா முதலில் போர்வையைப் பார்த்துப் பேசினாள். பிறகு ஹாஜரா அம்மாளைப் பார்த்து. கடைசியில் டாக்டரையே பார்த்து. கொழுந்து மலை, கங்காணி, அட்டை, இஸ்தோப்பு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சிங்களத்தில் போய்ச் சேர்ந்தன.

டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "தேயிலை மலையில் கழிப்பறையே இல்லையா?"

அந்த மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவராம். தினம் தோட்டங்களைக் கடந்துதான் வேலைக்கு வருகிறாராம். நான் வந்த மறுவாரமே எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. கேட்கிற கேள்வியா இது என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார், அந்த வார்டில் டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அளவை அடியோடு குறைத்தார். வேலை விட்டு லயத்துக்கு வந்ததும், பொழுது சாய்வதற்கு முன் போடட்டும், படுக்கப்போகும்போது எல்லாம் அடங்கிவிடும் என்றார். கொஞ்ச நாளைக்கு மலை ஏறக்கூடாது என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அக்கா அத்தனை காலம் மூச்சிரைத்தாள், நெற்றியைப் பிளந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று தேவி தன் புருஷனிடம் என்ன சொன்னாளோ தெரியாது. சிவகுமார் இஸ்தோப்பிலிருந்த தன் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் அடுப்படியில் விரித்துக்கொண்டார். அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நலம் விசாரிக்க அவள் கூட்டாளிகள் வந்தார்கள். பக்கத்து லயத்துப் பரமேஸ்வரி, நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு, "நீ என்னாத்துக்கு அக்கா ஆஸ்பத்திரில எல்லா நாளும் போட்ட? அது ஞாயித்துக்கெழம மாத்திரல்ல!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். உங்களில் யாரெல்லாம் இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அந்த மலை முழுக்க அதற்கு அதுதான் பேர். மலைக்கே தெரிந்த பேர் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது.

நான் கிளம்பியது அதற்கு மறுநாள். கொழுந்து நிறுக்கிற சாயங்கால நேரம். வழியனுப்ப அக்கா ரோடு வரை ஆட்டோவில் வந்தாள். அந்தக் கண்ணாடிக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னேன்.

"இங்கதான்க்கா வரும்போது பாத்ரூம் போனேன். நிறுக்குற எடத்துக்குப் பக்கத்துல இருக்கே, நீங்கள்லாம் இங்க வரக்கூடாதா?"

"அது வெருந்தாளிங்களுக்கு" என்றாள் அக்கா.

உள்ளே கூட்டிப்போய் இரண்டு தேநீர் சொன்னேன். அக்கா நின்றுகொண்டே குடித்தாள். தான் பறித்த கொழுந்தின் முதல்தரத் தேநீரை அவள் அதற்கு முன் குடித்ததில்லை. "துவர்ப்பே இல்லடி" என்றாள். கல்லாப் பெண்ணிடம் சாவி கேட்டேன்.

"ஒங்களுக்குன்னா தாரேங்க" என்று அவள் அக்காவைப் பார்த்துத் தயங்கினாள். அதே தோட்டத்துப் பெண். "தோட்டத்து ஆளுங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. என்னையத் திட்டுவாங்க."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள். வாயில் போட்டு, மிச்சமிருந்த தேநீரோடு விழுங்கினாள். பிறகு விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலியை இழுத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மாத்திர போட்டாச்சு புள்ள. இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு வந்துரும். நான் இங்கதான் இருப்பேன். என்னா செய்யலாம்னு நீயே சொல்லு."

அந்தப் பெண் அக்காவின் நெற்றித் தையலைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவப் போனாள்.

அக்கா போய்விட்டு வந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசலுக்குப் போய், எதிரே கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏய் பரமேசு! கூடைய எறக்கி வெச்சுட்டு வாங்கடி!"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரமேஸ்வரிதான் முதலில் கூடையை இறக்கினாள். பிறகு ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். என் பஸ் போய்விட்டது. நான் இன்னொரு தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் புதன்கிழமை.